மருத்துவமா, இன்ஜினியரிங்கா, அக்கவுண்ட்ஸா, மேத்ஸா: உண்மையில் எந்த மேஜர் ரொம்பக் கஷ்டம்?

இன்சின் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் யாங்கோன் நகரத்து இன்சினிலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. கணக்கிலும் கெமிஸ்ட்ரியிலும் டி, அதாவது டிஸ்டிங்ஷன். மொத்த மார்க் மோசமில்லை, ஆனால் வீட்டில் கனவு கண்ட அளவுக்கும் இல்லை. படிவத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் எழுதுவது, எதை இரண்டாவதாக எழுதுவது என்று மூன்று நாளாக வீட்டில் ஒரே சண்டை.

அப்பாவுக்கு மருத்துவம், அது இல்லாவிட்டால் இன்ஜினியரிங், இரண்டும் இல்லாவிட்டால் "அப்புறம் எதுக்குப் படிச்சே" என்ற கேள்வி. மொகல் தெருவில் கடை வைத்திருக்கும் மாமா, எல்சிசிஐ (லண்டன் கணக்கியல் சான்றிதழ்) முடித்துவிட்டு ஏசிசிஏ (பிரிட்டிஷ் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் பரீட்சை) எழுது, டிகிரியைத் தொலைதூரக் கல்வியில் ஓரமாக முடித்துக்கொள் என்கிறார். எனக்குப் பிடித்தது கணக்கு. அதைச் சொன்னால் அத்தை சிரிக்கிறார், "மார்க் வராதவங்க போற மேஜர்டீ அது" என்று.

எது ரொம்பக் கஷ்டமோ அதைப் படித்தால்தான் மதிப்பு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் படித்து முடித்த அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் உதவுங்கள். கஷ்டத்தில் முதல் இடம் எதற்கு, கடைசி இடம் எதற்கு? வரிசையாகப் போட்டுச் சொன்னால் அப்பாவிடம் காட்டுவேன்.

சிவில் அக்கா

வரிசை போட மாட்டேன் தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. ஆனால் சிவில் படித்தவள் என்ற முறையில் அந்தக் கஷ்டம் எப்படி இருக்கும் என்று சொல்லலாம்.

வெளியே இருப்பவர்கள் இன்ஜினியரிங் என்றால் கணக்கு என்று நினைக்கிறார்கள். கணக்கு பிரச்சினையே இல்லை, உனக்கு டி வேறு இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால் இங்கே ஒரு தப்பு செய்தால் அது அந்த இடத்தோடு நிற்காது. பெண்டிங் மொமெண்ட், அதாவது பாரம் ஒரு பீமை (உத்தரத்தை) எவ்வளவு வளைக்கப் பார்க்கும் என்ற கணக்கு, போடும்போது மேலே ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டால் அதற்குக் கீழே நான்கு பக்கம் எல்லாம் குப்பை. பேப்பரில் போனால் மார்க்கோடு போயிற்று. வேலையில்? இரண்டு பக்கமும் தூண் தாங்குகிற பீமுக்கு முக்கியமான கம்பி அடிப்பக்கம் போகும், சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கு அதே கம்பி மேல்பக்கம் போக வேண்டும். இதை மாற்றிப் போட்டால் பால்கனி கீழே வரும், யார் தலையிலாவது. மூன்றாம் ஆண்டில் எங்கள் சாயாமா (டீச்சர்) இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் நின்றார், எனக்கு அன்றைக்குத்தான் இது விளையாட்டில்லை என்று உறைத்தது.

இன்னொன்று, நேரம். டிராயிங் ஷீட்டை மனப்பாடம் செய்ய முடியாது, உட்கார்ந்து வரைந்தால்தான் முடியும். எனக்கு நினைவிருக்கிற ஒரு ராத்திரி: மறுநாள் காலை ஷீட் கொடுக்க வேண்டும், ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று, சார்ஜ் விளக்கை ஸ்டூல் மேல் வைத்து வரைந்துகொண்டிருந்தேன், வியர்வை ஒரு சொட்டு சரியாகப் படிக்கட்டுப் படத்தின் நடுவில் விழுந்து மை பரவிவிட்டது. அழுதேன். அம்மா விசிறிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்க, திரும்பவும் முதலிலிருந்து. இதைக் கஷ்டம் என்பாயா, வேலை என்பாயா? எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெள்ளைக் கோட்டு

நான் எம்பிபிஎஸ், ஹவுஸ் சர்ஜன் ஓராண்டையும் சேர்த்தால் ஏழு ஆண்டுப் படிப்பு. முதலில் அத்தைக்கு ஒரு பதில், ஏனென்றால் இந்தக் குழப்பம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

கட்டாஃப் மார்க் என்பது பாடத்தின் கஷ்டத்தை அளந்து வைத்ததில்லை. சீட்டு கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய, அதனால் மார்க் ஏறுகிறது, அவ்வளவுதான். சந்தேகமிருந்தால் இதை யோசித்துப் பாருங்கள். பல ஆண்டுகளாக மருத்துவத்துக்கு ஆண்களுக்கு ஒரு மார்க், பெண்களுக்கு அதைவிடக் கூடுதல் மார்க் என்று எடுத்தார்கள். உள்ளே போனால் அதே உடல், அதே புத்தகம், அதே பரீட்சை. பெண்களுக்கு மட்டும் அனாட்டமி கஷ்டமாகிவிட்டதா என்ன?

இனி மருத்துவம். ஒவ்வொரு விஷயமும் தனித்தனியாக எடுத்தால் சுலபம். மூளையிலிருந்து வரும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி, பேர் சொல்ல ஒரு மாலை போதும். ஆனால் ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி, எந்த ஓட்டை வழியாக மண்டையோட்டை விட்டு வெளியே வந்து, எதற்குப் போகிறது, அறுந்தால் என்ன ஆகும், அதை வார்டில் எப்படிச் சோதிப்பது என்று கேட்டால்? அப்படித்தான் கேட்பார்கள். புரியாதது என்று எதுவும் இல்லை, முடிவு என்றுதான் எதுவும் இல்லை. மார்ச்சில் படித்ததை ஜூனில் மறந்திருப்பேன், திரும்பப் படித்தால் அதற்குள் வேறொன்று மறந்திருக்கும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

அப்புறம் வைவா. எழுத்துப் பரீட்சையில் தெரியாததைச் சுற்றி வளைத்து எழுதலாம், எதிரே ஒரு புரொஃபஸர் உட்கார்ந்திருக்கும்போது முடியாது. என் முதல் அனாட்டமி வைவாவில் மேஜை மேலிருந்து ஒரு காறை எலும்பை எடுத்துக் கையில் கொடுத்தார்கள், தோளுக்கு முன்னால் தடவினால் தெரியுமே அது. வலதா இடதா, கேள்வி அவ்வளவுதான். அந்த எலும்பில் தடித்த முனை நெஞ்சுப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம், அது தெரியும். முன்னால் எந்தப் பக்கம் வளையும், அதுவும் தெரியும். ஆனால் மேல் எது, கீழ் எது என்று பார்க்காமல் தலைகீழாகப் பிடித்திருந்தேன், அப்படிப் பிடித்தால் இடது வலதாகிவிடும். பதிலைச் சொன்னேன். புரொஃபஸர் திட்டவில்லை, என் கையிலிருந்த எலும்பை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை

உங்க மாமா சொல்வதில் பாதி சரி, பாதி அவர் கடைக்கு ஆள் தேடுவது. (என் மாமாவும் அப்படித்தான், எனக்குத் தெரியாதா.)

நான் பகலில் கடை, ராத்திரி கிளாஸ் என்று படித்தவன். டிகிரி தொலைதூரக் கல்வியில், எல்சிசிஐ மூன்றாவது லெவல் வரை முடித்து ஏசிசிஏ. அங்கே மொத்தம் 13 பேப்பர், சிலது விலக்குக் கிடைக்கும். பாஸ் மார்க் 50. ஐம்பதுதானே என்று எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன், ஆடிட் பேப்பரில் இரண்டு முறை உட்காரும் வரைக்கும். நம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் புத்தகத்தை வரிவரியாக நெட்டுருப் போட்டுத்தானே கெமிஸ்ட்ரியில் டி வாங்கினோம்? அந்த வித்தை அங்கே செல்லாது. ஒரு கம்பெனியின் கதையை ஒன்றரைப் பக்கம் கொடுத்துவிட்டு, இதில் உனக்கு எதன் மேல் சந்தேகம் வருகிறது, ஏன், அதற்கு என்ன செய்வாய் என்பார்கள். நான் ஆடிட் என்றால் என்ன என்று மூன்று பக்கம் எழுதி வைத்தேன். ஒரு மார்க்கும் வந்திருக்காது.

குரூப் அக்கவுண்ட்ஸ் வேறு மாதிரி. ஒரு கம்பெனி இன்னொன்றை ஆண்டு நடுவில் வாங்கினால், வாங்கிய பிறகு வந்த லாபம் மட்டும்தான் நம் கணக்கில் சேரும், அதற்கு முன்னால் வந்தது விலைக்குள் போய்விட்டது. சொன்னால் ஒரு வரி. பரீட்சையில் கடிகாரம் ஓட ஓட, நடுவில் இரண்டு கம்பெனியும் ஒருவருக்கொருவர் சரக்கு விற்றுக்கொண்டதையும் கழித்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். அங்கே அறிவு போதாது, கை வேகம் வேண்டும்.

பரீட்சை முடிந்தாலும் 36 மாத வேலை அனுபவம் காட்டினால்தான் உறுப்பினர். ஃபீஸ் பவுண்டில் கட்ட வேண்டும், நம் பணத்தின் மதிப்பு இருக்கிற இருப்பில் ஒரு பேப்பர் ஃபெயில் ஆனால் வீட்டில் யார் முகத்தையும் பார்க்க முடியாது. என்னைக் கேட்டால் பாடத்தைவிட அதுதான் பெரிய கஷ்டம். ஆனால் வாசலில் யாரும் "பன்னிரண்டாவதில் மொத்தம் எத்தனை" என்று கேட்கவில்லை, அது ஒரு நிம்மதி.

இன்சின் பொண்ணு

ரொம்ப நன்றி. கட்டாஃப் விஷயத்தை அத்தையிடம் சொன்னேன், "வாய் நீளுது" என்றார். மேத்ஸ் மேஜர் படித்தவர்கள் யாரும் இங்கே இல்லையா? அதுதான் எனக்கு முக்கியம்.

ஷ்வேபீதா

மேத்ஸ் படித்தால் டியூஷன் சாயாமா, வேறென்ன. கஷ்டமா சுலபமா என்பதெல்லாம் அப்புறம், வேலை இருக்கிறதா என்று முதலில் கேள்.

எப்சிலான்

மேலே உள்ளவருக்கு: நான் மேத்ஸ் படித்தவன், டியூஷன் சாயாதான் (வாத்தியார்தான்), யாங்கோன் தாம்வேயில் இரண்டு பேட்ச் எடுக்கிறேன், வாடகையும் கட்டுகிறேன். வேறென்ன?

தங்கச்சி, உனக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நமக்குப் பிடித்த கணக்கும் மேத்ஸ் மேஜரில் இருக்கும் கணக்கும் ஒரே பெயர் வைத்த இரண்டு வேறு ஆட்கள். பள்ளியில் "கண்டுபிடி" என்பார்கள், விடை வரும், அடிக்கோடு போடுவோம், அந்தச் சுகமே தனி. மேஜரில் "நிரூபி" என்பார்கள். விடை கேள்வியிலேயே இருக்கிறது, அது ஏன் உண்மை என்று சொல்ல வேண்டும், பார்த்தாலே தெரிகிறதே என்றால் மார்க் கிடையாது.

ரியல் அனாலிசிஸில் முதல் அடி. லிமிட் (எக்ஸ் ஓரிடத்தை நெருங்கும்போது விடை எதை நெருங்குகிறது என்பது) என்பதற்கு ஒரு இலக்கணம் உண்டு, எப்சிலான் டெல்டா என்று. நானே இரண்டு மாதம் மந்திரம் மாதிரி ஒப்பித்தேன், ஒரு எழுத்தும் புரியவில்லை. கடைசியில் சந்தையில் அம்மா மீன்காரியிடம் பேரம் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. நீ என்னிடம் வந்து, "விடை 5க்கு எவ்வளவு பக்கத்தில் வேண்டும் என்று நான் சொல்வேன்" என்கிறாய். அந்த இடைவெளிதான் எப்சிலான். சொல் என்கிறேன். அரைக்குள் வேண்டும் என்கிறாய், சரி, எக்ஸ் இந்த எல்லைக்குள் இருந்தால் கிடைக்கும் என்று ஒரு டெல்டா தருகிறேன். போதாது, ஆயிரத்தில் ஒன்றுக்குள் வேண்டும் என்கிறாய். அதற்கும் ஒரு டெல்டா தருகிறேன். நீ எவ்வளவு சிறிதாகக் கேட்டாலும் என்னால் தர முடிந்தால் லிமிட் 5. ஒரே ஒரு முறை தர முடியாமல் போனாலும் நான் தோற்றேன். விஷயம் இவ்வளவுதான். ஆனால் எல்லாப் பேரத்துக்கும் சேர்த்து ஒரே பதிலை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், அங்கேதான் தலை வலிக்கும். மூன்று வரி நிரூபணத்துக்கு மூன்று ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவ நண்பன் அதற்குள் நூறு பக்கம் முடித்திருப்பான். என் நோட்டில் ஒன்றும் இருக்காது, அடித்த கோடுகள் மட்டும்.

இப்போது கசப்பான பாதி. நான் படித்த இடத்தில் வகுப்பில் பாதிப் பேர் வேறு எதற்கும் மார்க் போதாமல் வந்து சேர்ந்தவர்கள், அது அவர்கள் தப்பில்லை. பரீட்சைக்கு எந்த நிரூபணம் வரும் என்று முன்னாலேயே ஏறக்குறைய தெரிந்துவிடும், அதை நெட்டுருப் போட்டு எழுதினால் பாஸ். ஒரு முறை ஒருவன் ஒரு வரியை விட்டுவிட்டு எழுதினான், அது இல்லாமல் நிரூபணமே நிற்காது, முழு மார்க் கிடைத்தது. அதனால் அத்தை சொல்வது ஒரு வகையில் உண்மை. மேத்ஸ் மேஜரைவிடச் சுலபமாகப் பாஸ் ஆகக்கூடியது இல்லை, அதைவிடக் கஷ்டமாகப் படிக்கக்கூடியதும் இல்லை. எதைச் செய்வாய் என்பது உன் கையில், யாரும் மேற்பார்க்க மாட்டார்கள். சிவில் அக்காவுக்குப் பால்கனி மேற்பார்வை, நமக்கு அதுவும் இல்லை.

யாங்கோன் பல்கலைக்கழகத்தில் 2013இல் திரும்ப டிகிரி வகுப்புகள் தொடங்கியபோது ஒரு மேஜருக்குக் கொஞ்சம் பேரைத்தான் எடுத்தார்கள், கிடைத்தால் அங்கே முயற்சி செய்து பார்.

சிவில் அக்கா

இதைப் படித்த பிறகு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எங்களுக்கு லிமிட் சொல்லிக்கொடுத்தபோது "பக்கத்தில் போகும்" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அது எதற்கு என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

கல்வெட்டுக்காரி

யாரும் கேட்காத மேஜரிலிருந்து ஒரு குரல்: வரலாறு. கதைப் புத்தகம் என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். பர்மாவின் பழைய தலைநகர் பகானில் இருக்கும் மியாசேதி கல்வெட்டு பாலி, மொன், பியூ, பர்மியம் என்று நான்கு மொழியில் ஒரே செய்தி, 12ஆம் நூற்றாண்டு. அழிந்துபோன மொழியான பியூவைப் படிக்க வழி பிறந்ததே மற்ற மூன்றோடு ஒப்பிட்டதால்தான். அதை ஒழுங்காகப் படிக்க எத்தனை மொழி வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் தமிழும் வெளியே பர்மியமும் மட்டும் பேசிக்கொண்டு போனவள் நான்.

ஆனால் பகானில் ஒரு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது, 13ஆம் நூற்றாண்டு, நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோவிலுக்கு மலைமண்டலத்திலிருந்து (இன்றைய கேரளப் பகுதி) வந்த ஒரு வணிகர் மண்டபம் கட்டி விளக்கு வைத்த செய்தி. மேலே கிரந்தத்தில் சமஸ்கிருதச் செய்யுள், கீழே தமிழ். எங்கள் வகுப்பில் அதன் படத்தைக் காட்டியபோது நாற்பது பேரில் நான் ஒருத்திதான் வாசிக்க முயற்சி செய்தேன், கோவிலில் ஞாயிற்றுக்கிழமை படித்த தமிழை வைத்துக்கொண்டு. நாலைந்து எழுத்துத்தான் பிடிபட்டது. அதுவே போதும் என்றிருந்தது.

96 பேட்ச்

அம்மாடி, நீங்கள் எல்லோரும் பாடத்தின் கஷ்டத்தைப் பேசுகிறீர்கள். நான் பிசிக்ஸ். 1996 டிசம்பரில் பல்கலைக்கழகங்களை மூடினார்கள், 2000 ஜூலையில் திறந்தார்கள். நடுவில் மூன்றரை ஆண்டு தட்டோன் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கூலிக் கணக்கு எழுதினேன். திறந்ததும் போனால் வகுப்பு ஊருக்கு வெளியே மாறிவிட்டிருந்தது, இரண்டு பஸ் மாற வேண்டும். கூடப் படித்தவர்களில் சிலருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. என் பழைய நோட்டைத் திறந்தால் என் கையெழுத்துத்தான், ஒன்றும் புரியவில்லை. விட்டதைப் பிடிக்க நேரமும் தரவில்லை, அவசர அவசரமாக நடத்தி முடித்தார்கள். எலெக்ட்ரோமேக்னடிசம் கஷ்டமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நான் அதைப் படித்தேனா என்றே தெரியாது. டிகிரி இருக்கிறது, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

உனக்குச் சொல்வது ஒன்றுதான். ஐந்து ஆண்டா, ஏழு ஆண்டா என்பதைப் பார்க்கும்போது இந்த ஊரில் ஒன்றிரண்டு கூட்டியே கணக்குப் போடு. நடுவில் நின்றாலும் கையில் ஏதாவது மிஞ்சுமா என்று பார். அந்தத் தம்பி சொன்ன ஏசிசிஏயில் பாஸான பேப்பர் கையில் நிற்கும். மருத்துவத்தில் பாதி என்று ஒன்று கிடையாது.

கணக்குப்பிள்ளை

பெரியவர் சொன்னது சரிதான், ஆனால் கடைசி நான்கு பேப்பருக்கு ஏழு ஆண்டு கெடு உண்டு, அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்சின் பொண்ணு

எல்லாவற்றையும் நேற்று ராத்திரி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கரண்ட் இல்லை, ஃபோன் வெளிச்சத்தில்தான். பால்கனி வந்தபோது எழுந்து போய் எங்கள் வீட்டுப் பால்கனியைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மீன்காரி பேரத்துக்கு அம்மா சிரித்தார். கடைசி வரைக்கும் கேட்டார், மருத்துவம் என்றும் சொல்லவில்லை, மேத்ஸ் என்றும் சொல்லவில்லை. படிவம் இன்னும் மேஜை மேல்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமை வரை நேரம்.

படுக்கப் போகும்போது மட்டும் ஒன்று கேட்டார்: "அந்த டாக்டர் பிள்ளை கையில இருந்த எலும்பு வலதா, இடதா?"

வெள்ளைக் கோட்டு

இடது என்று சொல்லுங்கள். நான் வலது என்று சொன்னேன்.